டி. மாதவ ராவ்

ராஜா சர் டி. மாதவ ராவ் (1828 – ஏப்ரல் 4, 1891) விக்டோரியா மகாராணி காலத்து இந்திய அரசதந்திரிகளுள் ஒருவர் ஆவார். கும்பகோணத்தில் பிறந்த இவர் திருவிதாங்கூர் (1857–1872), இந்தூர் (1873–1875), பரோடா (1875–1882) ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாகப் பணியாற்றினார். இவரது பெயரின் முதலெழுத்து, தஞ்சாவூருக்கு ஆங்கிலேயர் வழங்கிய 'டாஞ்சூர்' என்னும் பெயரைக் குறிக்கும்.

குடும்பப் பின்னணி

தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராட்டிய அரசர் ஆட்சி நிலவியது. அக்காலத்தில் காவிரிக் கரை ஊர்களில் குடியேறிய மராத்தி பேசும் பிராமணக் குடும்பங்கள் பல, வருவாய்க் கணக்கிலும் அரசு நிர்வாகத்திலும் தேர்ச்சி பெற்றன. 1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அரசர் வசம் எஞ்சின. இதனால் நிர்வாகக் குடும்பங்கள் பிற சமஸ்தானங்களை நாடின. திருவிதாங்கூரில் அவர்களது செல்வாக்கு மிகுந்திருந்தது. மாதவ ராவின் பெரிய தந்தை வழியினரான வெங்கட ராவ், தந்தை ரங்க ராவ் ஆகிய இருவரும் அங்கு திவான்களாக இருந்தவர்கள்.

கல்வியும் தொடக்கப் பணிகளும்

மாதவ ராவ் சென்னை உயர்நிலைப் பள்ளியில் ஈ. பி. பவல் என்பவரிடம் கல்வி கற்றார். இப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்து விளங்கிய இவர், சிறிது காலம் சென்னையில் அரசுப் பணியில் இருந்தார். 1849 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் அரசர்களான ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் இவரிடம் பயின்றவர்கள். பின்னர் வருவாய்த் துறையில் சேர்ந்து, தென் பகுதியின் திவான் பேஷ்கார் ஆனார்.

திருவிதாங்கூர் திவான்

சமஸ்தான அரசர்கள் பிற அரசுகளுடன் நேரடி உறவு கொள்ள இயலாது. பிரித்தானிய அரசுடனான தொடர்பு ரெசிடெண்ட் எனப்படும் அதிகாரி வழியாகவே நடைபெற்றது. ஆகவே திவான் என்பவர் முதலமைச்சராகவும், அரசருக்கும் ரெசிடெண்டுக்கும் இடையே தூதராகவும் செயற்பட வேண்டியிருந்தது. அரசரது நம்பிக்கையையோ ரெசிடெண்டின் ஆதரவையோ இழந்தவர் அப்பதவியில் நிலைப்பது அரிது.

1805 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் கப்பம் செலுத்தி வந்தது. கருவூலம் வறண்டதால் நிலுவையும் கடனும் பெருகின. நிர்வாகம் சீர்படாவிடில் நாடு இணைத்துக்கொள்ளப்படும் என்று 1855 இல் ஆளுநர் நாயகம் டல்ஹவுசியின் அரசு எச்சரித்தது. அதே ஆண்டில் தஞ்சாவூரின் கடைசி அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அவரது அரசும் முடிவுற்றது. எனவே இவ்வெச்சரிக்கை வெறும் சொல்லாக இருக்கவில்லை. இச்சூழலில் 1857 இன் இறுதியில் மாதவ ராவ் திவான் பொறுப்பை ஏற்றார்.

இவர் மிளகு, புகையிலை ஆகியவற்றின் மீதான அரசின் ஏகபோக வணிகத்தை நீக்கி, வரி முறைக்கு மாற்றினார். 1865 இல் பிரித்தானிய இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் ஆகியவற்றுக்கு இடையே சுங்கத் தடைகளைக் குறைக்கும் வணிக உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டின் பாட்ட விளம்பரம் அரசு நிலக் குத்தகையாளருக்கு நில உரிமை வழங்கியது. 1867 ஆம் ஆண்டு அறிவிப்பு ஜன்மி நிலங்களின் குடியானவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. கடன்கள் தீர்க்கப்பட்டன, சாலைகள், கால்வாய்கள், பள்ளிகள், திருவனந்தபுரத்துச் செயலகக் கட்டடம் ஆகியவை எழுந்தன. 1866 இல் இவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

தோள்சீலைப் போராட்டம்

நாடார் பெண்கள் மேலாடை அணிவது தொடர்பாக 1858 இன் இறுதியிலும் 1859 இன் தொடக்கத்திலும் தென் திருவிதாங்கூரில் கலவரங்கள் மூண்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்ததை அடுத்து, 1859 சூலை 26 அன்று அரச அறிவிப்பு வெளியிடப்பட்டது. அது மேலாடை அணிய அனுமதித்தாலும், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்று வரையறுத்தது. வருவாய்ச் சீர்திருத்தத்தில் காட்டிய துணிவை இவரது நிர்வாகம் சாதி வழக்கங்களில் காட்டவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இந்தூரும் பரோடாவும்

தம் முன்னாள் மாணவரான ஆயில்யம் திருநாளுடன் ஏற்பட்ட மனவேறுபாட்டால் 1872 இல் மாதவ ராவ் பதவி விலகினார். அவருக்குப் பின் திவானான சேஷய்யா சாஸ்திரியும் கும்பகோணம் பகுதியைச் சேர்ந்தவரே. 1873 இல் மாதவ ராவ் இந்தூரில் துக்கோஜி ராவ் ஹோல்கரின் திவானானார்.

பரோடாவில் ரெசிடெண்ட் கர்னல் பெய்ரை நஞ்சிட்டுக் கொல்ல முயன்றதாக மல்கர் ராவ் கெய்க்வாட் மீது குற்றம் சாட்டப்பட்டது. மூன்று ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் கொண்ட விசாரணைக் குழு கருத்தில் பிளவுபட்டது. எனினும் தவறான ஆட்சி என்னும் காரணத்தால் 1875 ஏப்ரலில் அவர் பதவி நீக்கப்பட்டார். ஜம்னாபாய் தத்தெடுத்த சிறுவன் மூன்றாம் சாயாஜிராவ் என்னும் பெயரில் அரசரானார். அவர் உரிய வயது அடையும் வரை ஆட்சிப் பொறுப்பு மாதவ ராவிடம் இருந்தது. இவர் நிதியையும் நீதித் துறையையும் சீர்செய்து, நிலவரிச் சுமையைக் குறைத்தார். இளம் அரசருக்கு ஆட்சிக் கலை குறித்து இவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1881 இல் நூலாயின. 1877 இல் 'ராஜா' பட்டம் பெற்ற இவர், 1882 இல் ஓய்வு பெற்றார்.

இறுதிக் காலம்

ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்த மாதவ ராவ், மலபார் நிலவுரிமைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1887 இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டில் வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். புனைபெயர்களில் அரசியல் கட்டுரைகளும் எழுதினார். 1891 இல் சென்னையில் காலமானார்.

மதிப்பீடு

பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி பாசெட் இவரைப் பிரெஞ்சு நிதியமைச்சர் துர்கோவுடன் ஒப்பிட்டார். போரோ படையோ இன்றி, ஒழுங்கான கணக்கையும் நிர்வாகத்தையும் காட்டி நாட்டு அரசுகளைக் காக்க முடியும் என்பதே இவரது அரசதந்திரத்தின் அடிப்படை. திருவிதாங்கூரும் பரோடாவும் இந்திய விடுதலை வரை தனிச் சமஸ்தானங்களாக நீடித்தன. இவரது மகன் டி. ஆனந்த ராவ் 1909 முதல் 1912 வரை மைசூர் திவானாக இருந்தார். திருவனந்தபுரம் செயலகத்தின் எதிரில் மாதவ ராவின் சிலை உள்ளது. அதனாலேயே அவ்விடம் 'ஸ்டேச்சூ' என்று அழைக்கப்படுகிறது.