மஞ்சள் பூத்த லென்ஸும் மொட்டைமாடி வெயிலும்

பழைய லென்ஸ் தேடி அலையுற கூட்டத்துக்கு (அடியேனும் அதில் ஒருத்தன்) அறிமுகமே தேவைப்படாத பேர், சூப்பர் டகுமார் 50 மி.மீ., எஃப் 1.4. நம்மூர் குமாருக்கு ஒண்ணுவிட்ட தம்பி போலன்னு நினைச்சுடாதீங்க :-) அசாஹி ஆப்டிகல் என்கிற ஜப்பான் கம்பெனியை 1919-ல் ஆரம்பிச்சவர் குமாவோ கஜிவாரா. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்வதுதான் முதல் தொழில். அவர் குடும்பத்திலேயே அமெரிக்கா போய் போட்டோகிராபராகவும் ஓவியராகவும் பேர் வாங்கினவர் டகுமா கஜிவாரா. லென்ஸுக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க. பென்டாக்ஸ் கேமரா எல்லாம் அந்த நாளில் இந்தக் கம்பெனி சரக்குதான்.

இந்த லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினவங்க அடிக்கடி சொல்ற புகார், கண்ணாடி டிகாஷன் கலரில் இருக்குங்கிறது. வெள்ளைத்தாள் மேல வெச்சா அப்பட்டமாத் தெரியும். ரிப்பேருக்குக் கொடுக்கவா, அப்படியே விட்டுடவா? பதில் சொல்லணும்னா கொஞ்சம் சரித்திரத்துக்குள்ள போகணும்.

லென்ஸ் செய்யறவங்களுக்கு வேண்டிய கண்ணாடி, ஒளியை நல்லா வளைக்கணும், ஆனா நிறங்களைத் தனித்தனியாப் பிரிச்சுடக் கூடாது. சாதாரணக் கண்ணாடியில் முதல் குணம் கூடினா கூடவே இரண்டாவது தொல்லையும் கூடும். 1930-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் மோரி, லாந்தனம், தோரியம் மாதிரி ஆக்சைடுகளைக் கலந்து புது வகைக் கண்ணாடி செஞ்சு இந்த முடிச்சை அவிழ்த்தார். கோடக் கம்பெனி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து வேவு பார்க்கப் படம் எடுத்த ஏரோ எக்டார் லென்ஸில் தோரியம் கண்ணாடி உண்டு. அதுவும் இன்னிக்கு பழுப்பேறித்தான் கிடைக்குது.

அசாஹி 1964-ல் கொண்டுவந்த முதல் 50 எஃப் 1.4-ல் எட்டு கண்ணாடி, தோரியம் கிடையாது. சீக்கிரமே அதை ஏழு கண்ணாடியா மாத்தி, பின்பக்கத்தில் தோரியத்தைச் சேர்த்தாங்க. நம்ம பாஷையில் சொன்னா, ஒரு மாட்யூலைத் தூக்கிட்டு அதே அவுட்புட். பக் மட்டும் பல வருஷம் கழிச்சு வெளிய வந்துச்சு. 1971-க்கு அப்புறம் வந்த மல்டி கோட்டிங் டகுமாரிலும் இதே கதைதான்.

தோரியம்னு கேட்டதும் அணுகுண்டு ரேஞ்சுக்கு யோசிக்க வேண்டாம். வைதேகி காத்திருந்தாள் (1984) படத்தில் செந்தில் பிடிச்சு நசுக்கி கவுண்டமணிகிட்ட வாங்கிக் கட்டிக்குவாரே, அந்த மேண்டில் வகையறாவே தோரியம் ஆக்சைடை நம்பித்தான் வளர்ந்தது. வெல்ஸ்பாக் 1891-ல் கண்டுபிடிச்ச கலவையில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, மீதி சீரியம். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டிலும் தோரியம் உண்டு.

இப்ப மேட்டருக்கு வருவோம். தோரியமும் அதிலிருந்து பிறக்கிற தனிமங்களும் சிதையும்போது வரும் கதிர், கண்ணாடிக்குள்ள எலக்ட்ரான்களை இடம் பெயர்த்துடும். அவை கண்ணாடியின் குறைபாடுகளில் போய் மாட்டிக்கிட்டு நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். நீலம் போனா மிச்சம் மஞ்சள். அழுக்கு இல்லை, கோட்டிங்கும் கெடலை, கண்ணாடியே நிறம் மாறியிருக்கு. அதனால பிரிச்சுத் துடைச்சு பைசா பிரயோஜனம் இல்லை. தேய்ச்சு பாலிஷ் போடறேன்னு எவராவது கிளம்பினா லென்ஸைப் பிடுங்கிட்டு ஓடி வந்துடுங்க, அந்தத் தூள் மூச்சில் போனா ஆபத்து. கேமராவில் மாட்டிப் படம் எடுக்கறதில் பயப்பட ஒண்ணுமில்லை. கண்ணோடு ஒட்டி வெச்சுப் பார்க்கிற பூதக்கண்ணாடியா மட்டும் பயன்படுத்தாதீங்க.

மருந்து புற ஊதா ஒளி. மாட்டிக்கிட்ட எலக்ட்ரான்களை அது தட்டி விடுவிச்சுடும். முன்பக்கம் அலுமினியத் தாள் சுத்தி, பின்பக்கம் வானத்தைப் பார்க்க வெச்சு, சில நாளிலிருந்து சில வாரம் வரை வெயில் காட்டினா போதும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால வெச்சா புற ஊதாவில் ஒரு பகுதி அங்கேயே நின்னுடும். ஆனா ஒண்ணு, சூரியனைப் பார்த்த லென்ஸ் தீப்பெட்டிக்குச் சமம். பக்கத்தில் காகிதம், காயப்போட்ட துணி எதுவும் இருக்கக் கூடாது. அக்னி நட்சத்திர மதியமும் வேண்டாம், சூட்டில் கிரீஸ் உருகி அப்பெர்ச்சர் இதழ்களில் இறங்கிடும். காலை வெயில் உத்தமம்.

கருப்பு வெள்ளை பிலிமில் எடுக்கறவங்க மஞ்சளை அப்படியே விடலாம், இலவச மஞ்சள் பில்டர், வானம் கொஞ்சம் கருக்கும். டிஜிட்டலில் நிறத்தை ஒயிட் பேலன்ஸ் வெச்சு சரிக்கட்டிடலாமேன்னு வாதாடறவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஃப் 1.4 வெளிச்சத்துக்காகத்தானே தோரியத்தையே போட்டாங்க, அந்த வெளிச்சத்தையே மஞ்சள் தின்னா எப்படி?

காசு கொடுத்து ரிப்பேர் பண்றது வேற சமாச்சாரம். போகஸ் வளையம் இறுகியிருந்தாலோ இதழ்களில் எண்ணெய் படிஞ்சிருந்தாலோ சர்வீஸ் பண்ணலாம், கூலி இன்னொரு டகுமார் விலையைத் தாண்டாத வரைக்கும். பூஞ்சை கோட்டிங்கை அரிச்சிருந்தா யார் கையிலும் அது திரும்பாது.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம், பிரபஞ்சத்தோட வயசை விடக் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால மஞ்சள் மெதுவா மறுபடி ஏறும். அலுமினியத் தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க.