சீமைப் பாலாடைக்கட்டி

மேனாம்பேட்டில் எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா இருந்தது. ஆயா அதில் புளி வைத்திருந்தாள். மூடி துருவேறி, மேலே அச்சடித்த இங்கிலீஷ் எழுத்துகளில் பாதி உதிர்ந்துபோன டப்பா. அது யுத்த காலத்துச் சொத்து.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆவடியில் ராணுவக் கிடங்குகள் இருந்தன. என் தாத்தா அம்பத்தூரில் ரயிலேறிப் போய் அங்கே மூட்டை தூக்கினார். 1944-ல் ஒருநாள் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அந்த டப்பாவை அவர் கையில் திணித்தானாம். உள்ளே மஞ்சளாக ஒரு கட்டி. ஆயா முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாயா இது, சவுக்காரத்தைத் தின்னச் சொல்லிக் குடுத்திருக்கான்?" என்று கேட்டாளாம். கட்டி நாய்க்குப் போயிற்று, டப்பா புளிக்கு.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். கொடுத்தவனே அதைத் தின்னமாட்டானாம். உதட்டைப் பிதுக்கி, கையால் பெரிதாக வட்டம் போட்டுக் காட்டி என்னவோ சொன்னானாம். "அவங்க ஊர்ல செய்யறது வேறயாம்பா. ஊர் நெனப்பு வந்துடுச்சு அவனுக்கு" என்பார்.

அந்த வட்டம் செடார் கட்டியாக இருக்கலாம் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் பட்டது. இங்கிலாந்தில் சாமர்செட் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் அது. பண்ணை வீடுகளில் பாலைத் திரித்து, அழுத்தி, உருளையாக்கி, துணி சுற்றி, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். ஒரு கிலோ கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் பாலைத் திரிப்பது வழக்கம் என்பதை ஆயாவிடம் யாரும் சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

பாலைக் காப்பாற்றி வைக்க நாமும்தான் பாடுபட்டோம். நம் வெயிலில் நிலவறைக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை உருக்கி வைத்துக்கொண்டோம். நெய் வெயிலுக்கு அஞ்சாது.

துரைமார்களுக்கு நெய்யால் ஆறுதல் கிடைக்குமா? நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் வந்த நாளில் ஐந்தாறு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இருமுறை தாண்ட வேண்டும். நல்ல கட்டியானால் வியர்த்து, எண்ணெய் கக்கிவிடும். கல்லைப் போன்ற சஃபோக் கட்டி ஒன்று உண்டு. அதன் கடினம் பொறுக்காமல் பிரிட்டிஷ் கடற்படையே 1758-ல் அதைத் தள்ளிவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி அங்கே வந்து இறங்கிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. தகர டப்பாக்களும் வந்து குவிந்தன.

அவற்றின்மேல் எரிந்து விழுந்தவர் சென்னைக் குதிரைப் படையைச் சேர்ந்த கென்னி ஹெர்பர்ட். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-ல் சென்னையிலேயே சமையல் புத்தகம் வெளியிட்ட மனிதர். இங்கே கிடைக்கும் புது மீனை விட்டுவிட்டு, விருந்தாளிக்கு டப்பா மீனைத் திறந்து வைக்கும் சீமாட்டிகளை அவர் சும்மா விடவில்லை. படைவீரர் சமையலறைக்குள் புகுந்தால் இப்படித்தான்! ஆனால் அவர் சொன்னது நியாயம்.

தாத்தாவுக்குக் கிடைத்த சரக்கு இன்னொரு வகை. பழைய கட்டிகளைத் துண்டாக்கி, காய்ச்சி டப்பாவில் அடைக்கும் முறைக்கு அமெரிக்காவில் கிராஃப்ட் என்பவர் 1916-ல் காப்புரிமை பெற்றார். எந்த வெயிலிலும் கெடாது. ஊர் வாசனையும் அதில் இராது.

அந்தச் சிப்பாய்க்கு ஒன்று தெரிந்திருக்குமோ என்னவோ. அவன் ஏங்கிய பொருள் அப்போது அவன் ஊரிலேயே அரிதாகிவிட்டது. 1941-ல் பாலாடைக்கட்டிக்கு அங்கே ரேஷன் வந்தது. ஒரு கட்டத்தில் ஆளுக்கு வாரம் 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். பாலை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஒரேவிதமான கெட்டிக் கட்டியைத் தொழிற்சாலையில் செய்யச் சொல்லிற்று. பெயர் செடார்தான். பண்ணைக்காரர்களில் பலர் தொழிலையே விட்டார்கள். ரேஷன் ஒழிந்தது 1954-ல். 1979-ல் லண்டனில் நீல்ஸ் யார்ட் டெய்ரி என்ற கடை தொடங்கி, மிஞ்சியிருந்த பண்ணைகளைத் தேடிப்போய்ச் சரக்கெடுத்த பிறகு பழைய ருசிக்கு மறுபடி மதிப்பு வந்தது. சிப்பாய் உயிரோடிருந்தால் அப்போது அவனுக்கு ஐம்பத்தைந்தாவது ஆகியிருக்கும்.

வீட்டை இடித்த வருஷம், டப்பா காயலான் கடைக்குப் போயிற்று. புளியை மட்டும் ஆயா பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டாள்.