மூலப் பதிவு யார் கையில்? நெறிமுறைச் சுமையை வலையமைப்பு அட்டைக்கு மாற்றுவது குறித்து செண்டாயானிலிருந்து ஒரு வாதம்

மலேசியாவில் தரவு மையம் என்றால் பேச்சு மின்சாரத்திலும் தண்ணீரிலும்தான் போய் நிற்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. 2019இல் புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்த சிங்கப்பூர், 2022இல் மீண்டும் கதவைத் திறந்தபோது ஆற்றல் பயன்பாட்டு விகிதம் 1.3க்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் கட்டடங்கள் எழுந்தன. அமேசான் 2024 ஆகஸ்டில் தன் மலேசிய மேக மண்டலத்தைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2025இல் வந்து சேர்ந்தது.

செண்டாயானிலிருந்து பார்க்கும்போது இந்த விவாதத்தில் ஒரு கணக்கு விடுபட்டிருப்பது தெரிகிறது. சிரம்பானை ஒட்டி, ரப்பரும் செம்பனையும் நின்ற இந்த வட்டாரத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரமும் டெக்வேலி தொழிற்பேட்டையும் இருக்கின்றன. ஹினோ வாகனங்களும் சாஃப்ரான் நிறுவனத்தின் விமானக் கார்பன் பிரேக்குகளும் அங்கே உருவாகின்றன. இப்படிப்பட்ட எந்தத் தொழிற்பேட்டையிலும் கணினி வேலை இரண்டு இடங்களில் நடக்கும்: ஆலைக்குள் ஓர் அறையில் நிற்கும் சில வழங்கிகளில் ஒரு பாதி, வாடகைக்கு எடுத்த மேகத்தில் மறு பாதி. இரண்டிலும் வழங்கியின் செயலி தன் நேரத்தில் ஒரு பங்கை வலையமைப்பில் வந்துபோகும் பொதிகளுக்குச் செலவிடுகிறது. அந்த வேலையை வலையமைப்பு அட்டையிடமே ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனை இருபது ஆண்டுகளுக்கு மேலாக விற்பனைக்கு இருக்கிறது. சில வடிவங்களில் அது எங்கும் பரவிவிட்டது. ஒரு வடிவத்தில் படுதோல்வி அடைந்தது. இந்த வேறுபாட்டைச் செயலி நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கொண்டு விளக்க முடியாது என்பது என் வாதம். இணைப்பின் நிலையைச் சொல்லும் மூலப் பதிவு எங்கே இருக்கிறது, பிழை வந்தால் அதைத் திருத்தும் பொறுப்பு யாருக்கு என்ற இரண்டும் ஒரே கையில் சேர்ந்த இடத்தில்தான் சுமைமாற்றம் நிலைத்தது.

செலவு எங்கே ஆகிறது

1989இல் டேவிட் கிளார்க், வான் ஜேக்கப்சன் முதலியோர் டிசிபி நெறிமுறையின் செலவை ஒவ்வொரு கட்டளையாக எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமான பாதையில் ஒரு பொதிக்கு நெறிமுறை கேட்கும் கட்டளைகள் சில நூறுதான். மீதிச் செலவு தரவை நினைவகத்தில் இடம் மாற்றுவதிலும், செக்சம் கூட்டுவதிலும், இயங்குதளத்தின் குறுக்கீடுகளிலும் போகிறது என்று கண்டார்கள். இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டு, மிகக் குறைவாகப் பின்பற்றப்பட்ட முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

இன்றைய வேகத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 100 ஜிகாபிட் ஓடும் ஈதர்நெட்டில் 1500 பைட்டுப் பொதி ஒன்று, சட்டகச் செலவையும் சேர்த்து, கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். அப்படியானால் வினாடிக்கு 81 இலட்சம் பொதிகள். பொதிக்கு 123 நானோவினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு கருவுக்கு அது 370 சுழற்சிகளைக்கூட எட்டாது. முதன்மை நினைவகத்தை ஒருமுறை தொட்டுத் திரும்பவே ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும். தேடிய தரவு இடைமாற்றகத்தில் இல்லாமல் ஒருமுறை நினைவகத்துக்கு ஓட நேர்ந்தால் அந்தப் பொதிக்கான நேரம் முடிந்துபோகிறது. நெறிமுறையின் சில நூறு கட்டளைகளை அட்டைக்கு அனுப்பிவிட்டாலும் இந்த ஓட்டம் குறையப்போவதில்லை.

இங்கேதான் எளிய சுமைமாற்றங்கள் கைகொடுத்தன. இயங்குதளம் 64 கிலோபைட் துண்டை அப்படியே அட்டையிடம் கொடுக்கிறது. அட்டை அதை 45 பொதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதி, செக்சம் போட்டு அனுப்புகிறது. நெறிமுறை அடுக்கைக் கடக்கும் தடவைகள் வினாடிக்கு 81 இலட்சத்திலிருந்து 1.8 இலட்சமாகச் சுருங்குகின்றன. ஒவ்வொரு தடவைக்கும் 15,000 சுழற்சிகளுக்கு மேல் கிடைக்கிறது. வரும் பொதிகளைக் கருக்களிடையே பிரித்துவிடுவதும் இதே வகை. இந்த வேலைகளைச் செய்யும் அட்டை எந்த இணைப்பைப் பற்றியும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. குறுக்கீட்டுச் சிக்கலுக்கோ அட்டையே தேவைப்படவில்லை. பொதிகள் வந்து குவியும்போது செயலி குறுக்கீடுகளுக்குப் பதில் சொல்வதிலேயே மூழ்கி, உருப்படியான வேலை எதையும் முடிக்காத நிலையை ஜெஃப்ரி மோகுலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் விவரித்தார்கள். அவர்கள் சொன்ன தீர்வு, நெரிசல் நேரத்தில் குறுக்கீட்டை அணைத்துவிட்டு முறைவைத்துப் பார்ப்பது. அது மென்பொருளுக்குள்ளேயே முடிந்த வேலை.

கூகுளின் தரவு மையங்களை அளந்து 2015இல் வெளியான ஆய்வையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாப் பயன்பாடுகளுக்கும் பொதுவான அடிப்படை வேலைகள் செயலிச் சுழற்சிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை விழுங்குகின்றன என்றது அது. அந்த 30இல் இருப்பவை தரவை வரிசையாக்குதல், தொலைநிலை அழைப்பு, நினைவக நகர்த்தல், சுருக்குதல், நினைவக ஒதுக்கீடு போன்றவை. இந்தப் பட்டியலைக் காட்டிவிட்டு டிசிபி அட்டையை விற்பது சரியான நோயைச் சொல்லி வேறு மருந்தைக் கொடுப்பதாகும்.

மூலமும் நகலும்

தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு வெறும் வேலைக்கும் மூலப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு புதிதல்ல. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் யார் நிறுத்தாலும் எடை ஒன்றுதான். அதற்கு ஆள் மாறலாம், தராசு மாறலாம். ஆபீசில் கிராணி எழுதும் செக்ரோல் அப்படி இல்லை. யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதற்கு அதுதான் மூலம். அது கைமாறினால் சம்பளத் தகராறு எங்கே தீரும் என்பதும் மாறிவிடும். டிசிபியின் வரிசை எண்கள், ஒப்புதல் வராத தரவு, நெரிசல் சாளரம், மறு அனுப்புதல் கடிகாரம் எல்லாம் அந்தச் செக்ரோல். செக்சம் போடுவது வெறும் நிறுவை.

முழு டிசிபி சுமைமாற்ற எந்திரங்கள் செக்ரோலையே அட்டைக்குள் கொண்டுபோயின. அடாப்டெக்கைத் தொடங்கிய லாரி பவுச்சரின் அலாக்ரிடெக் நிறுவனம் இதில் முன்னோடி. தன் காப்புரிமையை மீறியதாக 2004இல் மைக்ரோசாப்ட் மீது அது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு உரிம ஒப்பந்தத்தில் வழக்கு முடிந்தது. பின் விண்டோஸ் சர்வர் 2003இன் இரண்டாம் சேவைத் தொகுப்பில், 2007இல், சிம்னி என்ற பெயரில் இந்த வசதி இயல்பாகவே இயக்கப்பட்ட நிலையில் வந்தது. இணைப்புகள் அறுந்தன. பழுது இயங்குதளத்திலா, அட்டை இயக்கியிலா, அட்டையின் உள்மென்பொருளிலா என்று நிர்வாகிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வசதிகளை இயல்பில் அணைத்துவைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்டே வெளியிட வேண்டிவந்தது. பல ஆண்டுகள் கழித்து சிம்னி கைவிடப்பட்ட அம்சங்களின் பட்டியலில் போய்ச் சேர்ந்தது.

லினக்ஸ் அந்த வழியில் போகவே மறுத்தது. 2005இல் செல்சியோ நிறுவனம் தந்த டிசிபி சுமைமாற்ற நிரல் திருத்தங்களை டேவிட் மில்லர் தலைமையிலான வலையமைப்புப் பராமரிப்பாளர்கள் ஏற்கவில்லை. பிடிவாதம், வன்பொருள் வெறுப்பு என்று அன்று பேசினார்கள். அந்த முடிவின் பயன் 2019 ஜூனில் தெரிந்தது. டிசிபியின் தெரிவு ஒப்புதலைக் கையாளும் இடத்தில், தொலைவிலிருந்தே கெர்னலை வீழ்த்தக்கூடிய பிழை ஒன்றை நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். பத்தாண்டு காலக் கெர்னல்கள் அத்தனையிலும் அது இருந்தது. பிழையை அறிவித்தபோதே திருத்தமும் கூடவே வந்தது. அந்த டிசிபி பல அட்டை நிறுவனங்களின் உள்மென்பொருளில் சிதறிக் கிடந்திருந்தால், அவற்றில் சில மூடப்பட்டும் போயிருந்தால், திருத்தத்தை யாரிடம் கேட்பது?

அதற்காக நிலைத் தகவல் அட்டைக்குள் போகவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. மைக்ரோசாப்ட் 2015 முதல் தன் மேக வழங்கிகளில் வைத்து, 2018இல் விவரம் வெளியிட்ட திறன் அட்டைகளைப் பாருங்கள். ஒரு தொடர்பின் முதல் பொதிக்கு என்ன செய்வது என்பதை வழங்கியின் மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்த முடிவு அட்டையின் அட்டவணையில் எழுதப்படுகிறது. பின்வரும் பொதிகள் மென்பொருளைத் தொடாமலே போகின்றன. அட்டையைப் புதுப்பிக்க நேரும்போது போக்குவரத்து மென்பொருள் பாதைக்குத் திரும்பிவிடுகிறது. அட்டையில் இருப்பது நகல். அதைக் கிழித்துப் போட்டாலும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். அந்த அறிக்கை வெளிவந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வழங்கிகளில் இந்த ஏற்பாடு இருந்தது.

நெட்ஃபிளிக்ஸின் வழியும் இதே வகை. மறைக்குறியாக்கம் அட்டைக்குப் போனது. டிசிபி ஃபிரீபிஎஸ்டி கெர்னலிலேயே இருந்தது. ஒரு பொதி தொலைந்தால் அட்டை எந்த இடத்தில் தொடர வேண்டும் என்பதைக் கெர்னல் சொல்லிவிடும். 2021இல் அவர்கள் காட்டிய அளவீட்டில் ஒரே வழங்கியின் வெளியீடு வினாடிக்கு ஏறத்தாழ 240 ஜிகாபிட்டிலிருந்து 380 ஜிகாபிட்டுக்கு உயர்ந்தது. அதற்குக் காரணம் நினைவகப் பாதை: செயலியே மறைக்குறியாக்கினால் அதே தரவு மறுபடியும் நினைவகத்துக்குள் போய்வர வேண்டும். 1989இன் முடிவு இங்கே திரும்ப உறுதிப்படுகிறது.

வாடகைக்காரரும் வீட்டுக்காரரும்

அமேசானின் நைட்ரோ என் வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றும். 2015இல் அன்னபூர்ணா லேப்ஸை வாங்கிய அந்நிறுவனம், 2017 முதல் மெய்நிகர் வலையமைப்பு, சேமிப்பக அணுகல், மேலாண்மை ஆகிய அனைத்தையும் தனி அட்டைகளுக்கு மாற்றிவிட்டது. மூலப் பதிவே அட்டையில்தான் இருக்கிறது. ஆனால் மேகத்தில் செயலி வாடகைக்காரருக்கு உரியது. அட்டைதான் வீட்டுக்காரரின் ஆபீஸ். முன்பு ஸென் என்ற மெய்நிகராக்க அமைப்பில் வீட்டுக்காரரின் மென்பொருள் வாடகைக்காரரின் செயலியில் ஒண்டியிருந்தது. நைட்ரோ அதைப் பொறுப்புக்கு உரியவரின் இடத்துக்கே கொண்டுவந்தது. வடிவமைப்பாளர், இயக்குபவர், பிழை திருத்துபவர் எல்லாரும் ஒரே நிறுவனம். சிம்னிக்குக் கிடைக்காதது இதுதான்.

தொலைநிலை நேரடி நினைவக அணுகல் என்ற ஆர்டிஎம்ஏ இன்னும் கடினமான சான்று. செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கூட்டங்களின் உள்வலை பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. மூலப் பதிவோ அட்டை நிறுவனத்தின் உள்மென்பொருளில் இருக்கிறது. டிசிபி சுமைமாற்றத்தைப் பயனற்ற யோசனை என்று 2003இல் வகைப்படுத்திய மோகுலே இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார். ஆனால் அதன் வெற்றி ஒரே உரிமையாளரின் மூடிய வலைக்குள் கிடைத்த வெற்றி. அங்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பொதி தொலைந்தால் செய்தி முழுவதையும் முதலிலிருந்து அனுப்பும் அட்டையைக் கண்டதாக மைக்ரோசாப்ட் 2016இல் அறிவித்தது. 256 பொதிகளில் ஒன்றைக் கைவிட்டுச் சோதித்தபோது கம்பி நிறைய ஓடியும் உருப்படியாக எதுவும் போய்ச் சேரவில்லை. உற்பத்தியாளரோடு பேசி உள்மென்பொருளை மாற்றவைக்கும் பலம் அந்நிறுவனத்துக்கு இருந்தது. செண்டாயானில் நான்கு வழங்கிகள் வைத்திருக்கும் ஆலைக்கு அந்தப் பலம் கிடையாது. அத்தகைய ஆலை அட்டையோடு இயல்பாக வரும் செக்சம், துண்டாக்கல், கருப் பிரிப்பு ஆகியவற்றை இயக்கத்தில் விட்டுவிட்டு, அதற்கு மேல் எதையும் வாங்காமல் இருப்பதே சரி.

மின்சாரத்துக்கு வருவோம். திறன் அட்டைகளைப் பசுமைத் தீர்வாக விற்பதை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். சாதாரண அட்டையைவிடத் திறன் அட்டை 50 வாட் கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 64 கருக்கள் கொண்ட 280 வாட் செயலியில் ஒரு கருவின் பங்கு 4.4 வாட், ஈடுகட்ட 11 கருக்களுக்கு மேல் விடுபட வேண்டும். விடுபடும் கருக்களால் வழங்கிகளின் எண்ணிக்கையே குறையும் என்று தாராளமாகக் கொண்டு, வழங்கி முழுவதுக்கும் 500 வாட் எனக் கணக்கிட்டாலும் ஆறரைக் கரு தேவை. பல வாடகைக்காரர்களைச் சுமக்கும் மேக வழங்கியில் அது கைக்கு எட்டும்; தனி நிறுவனத்தின் வழங்கியில் பெரும்பாலும் எட்டாது. மேக நிறுவனங்களை ஈர்த்தது வேறு: விடுபட்ட ஒவ்வொரு கருவையும் வாடகைக்கு விடலாம், வாடகைக்காரரிடமிருந்து தன் மென்பொருளைப் பிரித்தும் வைக்கலாம்.

மிச்சம் உண்மையிலேயே கிடைத்தாலும் நாம் பிடித்துக்கொண்டிருக்கும் ஆற்றல் பயன்பாட்டு விகிதம் அதைக் காட்டாது. மையத்தின் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகளின் மின்சாரத்தால் வகுத்து வருவது அது. கருவிகளுக்கு 10 மெகாவாட், குளிரூட்டலுக்கும் பிறவற்றுக்கும் 4 மெகாவாட் என்றால் விகிதம் 1.40. சுமைமாற்றத்தால் கருவிகளின் தேவை 9 ஆகவும், அதைத் தொடர்ந்து குளிரூட்டல் முதலியவை 3.8 ஆகவும் இறங்கினால் மொத்தத்தில் 1.2 மெகாவாட் மிச்சம், விகிதமோ 1.42க்கு ஏறிவிடும். செயலிகளை வெட்டியாகச் சுழலவிடும் மையம் இந்த அளவுகோலில் நல்ல பெயர் எடுக்கும். மலேசியாவில் தரவு மையங்களுக்கு விதி எழுதுபவர்கள் இந்த விகிதத்தோடு இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்கலாம்: வழங்கிகளின் செயலி நேரத்தில் எத்தனை விழுக்காடு வலையமைப்பு, சேமிப்பக அடுக்குகளுக்குப் போகிறது, அதற்கு ஈடாக அட்டைகள் எத்தனை வாட் எடுக்கின்றன. இரண்டையும் அளக்கும் கருவிகள் இயக்குபவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.