டாக்டர் ஜேம்ஸ் பாரி - அவனா, அவளா, அவரா?

1865 ஜூலை 25. லண்டனில் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒருவர் காலமானார். பெயர் ஜேம்ஸ் பாரி. அடக்கத்துக்காக உடலைத் தயார் செய்த சோபியா பிஷப் என்ற பணிப்பெண் பிறகு சொன்ன விஷயம் பத்திரிகைகளில் வந்து பெரும் பரபரப்பானது. இறந்தவருடைய உடல் பெண் உடல்!

அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த மார்கரெட் ஆன் பல்க்லிதான் இந்த ஜேம்ஸ் பாரி. அன்றைய பிரிட்டனில் பெண்கள் மருத்துவம் படிக்க முடியாது. 1809-ல் ஆணாக எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1812-ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ராணுவத்தில் வேலை. 1826-ல் கேப் டவுனில் அவர் செய்த சிசேரியனில் தாய், குழந்தை இருவருமே பிழைத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! நன்றிக்கடனாக அந்தக் குழந்தைக்கு ஜேம்ஸ் பாரி என்றே பெயர் வைத்தார்கள்.

இன்று அவரை எப்படி நினைவுகூர்வது என்பதில்தான் சண்டை. 2016-ல் வந்த வாழ்க்கை வரலாறு அவரைக் காலத்தை முந்திய பெண் என்றது. 2019-ல் அவரைப் பெண்ணாகவே எழுதும் நாவல் ஒன்று அறிவிக்கப்பட்டபோது பலர் எதிர்த்தார்கள். வேலைக்காகப் போட்ட வேஷம் மட்டும் என்றால், 1859-ல் ஓய்வுபெற்ற பிறகும் ஏன் ஆணாகவே வாழ்ந்தார் என்பது அவர்கள் கேள்வி. உண்மை வெளிவந்தால் பெயரும் மரியாதையும் போயிருக்குமே என்பது மற்றவர்கள் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அவனா அவளா என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். தமிழில் 'அவர்' இருப்பதால் தப்பித்துவிடலாம். ஆனால் அது மரியாதைதானே தவிர, விடை அல்ல!

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, அதே 1865-ல், எலிசபெத் காரெட் பெண்ணாகவே பிரிட்டனில் மருத்துவ உரிமம் பெற்றார். மார்கரெட்டுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. இதை மறந்து ஜேம்ஸ் பாரியைப் பற்றிப் பேசினால் அநியாயம் மறைந்துவிடும். அதே சமயம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட பெயரை வெறும் வேஷம் என்று தள்ளினால், அவரே மறைந்துவிடுவார்.

லண்டன் கென்சல் கிரீன் கல்லறையில் இன்றும் அவர் ஜேம்ஸ் பாரிதான். அவரிடம் கேட்டிருந்தால் எந்தப் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருப்பார்? அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால், அதையே என்றுதான் தோன்றுகிறது.