உப்புப் பாத்தியும் பஃபரும்: காத்திருத்தலின் ஒரு சின்ன வரலாறு

வீடியோ நடுவில நின்று வட்டம் சுற்றத் தொடங்கினா "பஃபர் ஆகுது" என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருப்போம். உண்மையில அந்த நேரத்தில பஃபர் காலியாகிக் கிடக்குது. வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடும்போதுதான் பஃபர் தன்ர வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும். அப்போது அது எங்கட கண்ணில படுவதே இல்லை.

பஃபர் என்றால் என்ன? தமிழில் இடையகம் என்கிறார்கள். ஒரு பக்கம் வரும் வேகமும் மறுபக்கம் எடுக்கும் வேகமும் ஒத்துப் போகாத இடத்தில், நடுவில் வைக்கும் தற்காலிகக் கொள்ளிடம். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் புத்தளம் களப்புக் கரையில் இருக்கிற உப்பளங்களைப் பார்த்தாலே போதும்.

களப்பு நீரை நேராக உப்புப் பாத்தியில் விடுவதில்லை. முதலில் பெரிய தேக்கம், அடுத்து நீரைச் சுண்ட வைக்கும் பாத்திகள், கடைசியில்தான் உப்பு விளையும் பாத்தி. சாதாரணக் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். அது வெயிலில் சுண்டி, அடர்த்தி 25 போமே பாகைக்குக் கிட்ட வந்தால்தான் கறியுப்பு படியத் தொடங்கும். வெயிலின் வேகம் ஒன்று, நீர் வரும் வேகம் வேறொன்று. இரண்டையும் நடுவில் உள்ள பாத்திகள்தான் சமாளிக்கின்றன. அள்ளிய உப்பைக் குவித்து மூடி வைப்பதும் இதே கணக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு விளையாது, ஆனால் சோறு கறி தினமும் சமைக்க வேணும்.

இந்தக் கையிருப்பு யாரிடம் இருக்கிறது என்பது அரசியலும் கூட. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கண்டி இராச்சியம் கடற்கரை முழுவதையும் இழந்தது. ஆனாலும் கண்டி மக்கள் புத்தளம், சிலாபம் பக்கம் வந்து உப்பு எடுக்க அதே உடன்படிக்கையில் இடம் இருந்தது. மலைநாட்டில் உப்பு விளையாது. அந்த வழி அடைபட்டால், வீட்டில் சேர்த்து வைத்த உப்பு எத்தனை நாளைக்கு வரும் என்பதுதான் கேள்வி.

கணினிக்கும் இதே பிரச்சினை ஆரம்பத்திலேயே வந்தது. 1951இல் அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்புத் திணைக்களத்துக்குக் கொடுக்கப்பட்ட யூனிவாக் கணினி, காந்த நாடாவில் இருந்து தரவை வாசித்தது. கணக்குப் போடும் பகுதி வேகமானது, நாடா மெதுவானது. ஒவ்வொரு முறையும் நாடாவுக்காகக் காத்து நின்றால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் சும்மாதான் நிற்கும். அதனால் நாடாவில் இருந்து வரும் 720 எழுத்துகளைப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு இடம் வைத்தார்கள். அது நிரம்பும் நேரத்தில் கணினி வேறு கணக்கைப் பார்த்தது. இன்றைக்கு எங்கட போன் வீடியோவின் அடுத்த சில விநாடிகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதும் இதே யோசனைதான்.

ஆனால் எந்தப் பாத்திக்கும் வரம்பு இருக்க வேணும். 1988 நவம்பர் 2ஆம் திகதி ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு நிரல், இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. அங்கே 512 பைட் கொள்ளும் ஒரு பஃபர் இருந்தது. புழு 536 பைட் அனுப்பியது. வருவதை அளந்து பார்க்க யாரும் அந்த நிரலில் எழுதி வைக்கவில்லை. மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் வழிந்து, கணினி அடுத்து எங்கே போக வேணும் என்ற குறிப்பையே மாற்றி எழுதியது. 24 பைட்தான் கூட. வரம்பு உடையக் கனக்கத் தண்ணீர் தேவையில்லை.

அப்படியென்றால் பெரிய பஃபராக வைத்தால் சரியா? அங்கேதான் அடுத்த பாடம். 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில், ஏறத்தாழ 365 மீற்றர் இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையே தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டில் இருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசல். வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய தீர்வின் சாரம் இதுதான்: பொதி தொலைந்தால் அதை எச்சரிக்கையாக எடு, அனுப்பும் வேகத்தைக் குறை.

பிறகு நினைவகம் மலிந்தது. ரவுட்டர்களில் பெரிய பெரிய பஃபர்களை வைத்தார்கள். பொதி தொலைவது குறைந்தது, அதனால் எச்சரிக்கையும் போகவில்லை. அனுப்புகிறவர் அனுப்பிக்கொண்டே இருக்க, வரிசை நீண்டது. வீட்டில ஒருவர் பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றினால் மற்றவருடைய வட்ஸ்அப் கோல் இழுபடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஜிம் கெட்டிஸ் 2010இல் தன்ர வீட்டு இணைப்பில் இதைத் துருவிப் பார்த்து, பஃபர் வீக்கம் என்ற பொருளில் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். 2012இல் கெத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் ஒரு தீர்வை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பொதி எவ்வளவு நேரம் காத்து நிற்குது என்று பார். அந்தக் காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்கு மேலேயே தொடர்ந்து நின்றால், சில பொதிகளை வேண்டுமென்றே விட்டுவிடு. உப்புப் பாத்தியும் அப்படித்தான். தண்ணீரை ஆழமாகக் கட்டினால் விளைச்சல் பிந்தும்.

2025இல் மழை உப்பளங்களைக் கெடுத்தபோது, நாலு பக்கமும் கடல் உள்ள இந்த நாடு இந்தியாவில் இருந்து உப்பு இறக்கியது. கடைகளில் உப்புப் பக்கற் தேடி அலைந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். வீடியோவில் சுற்றும் வட்டமும் அந்த வெறும் தட்டும் சொல்வது ஒன்றுதான்: வரத்து குறைந்தது, கையிருப்பும் தீர்ந்தது.

பஃபர் எதையும் விளைவிக்காது. அது தருவது அவகாசம் மட்டும். வரத்துச் சிறிது நேரம் தடுமாறினால் அது காப்பாற்றும், நிரந்தரமாகக் குறைந்தால் ஏலாது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு, அது தீர முன்னம் என்ன செய்யப் போகிறோம் என்றும் கேட்க வேணும்.