செங்கடலின் எகிப்தியக் கரை: தமிழ் எழுத்துகளைக் காத்த பாலைத் துறைமுகங்கள்

செங்கடலின் எகிப்தியக் கரை, நைல் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பாலைவனம் கடலைத் தொடும் வறண்ட நிலப்பகுதி. உரோமர் காலத்தில் இந்தியாவுடன் நடந்த கடல் வணிகத்தின் மேற்கு வாயிலாக இது இருந்தது. இக்கரையில் இருந்த மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிகே ஆகிய இரு துறைமுகங்களிலும் தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த பானைத் துண்டுகள் கிடைத்துள்ளன. யவனர் தமிழகத்துக்கு வந்தது சங்கப் பாடல்களால் தெரியும். தமிழர் அங்கே சென்றதற்கு இக்கரையே சான்று தருகிறது.

நில அமைப்பு

கரைக்கு இணையாகச் செங்கடல் மலைத்தொடர் செல்கிறது. மலையிலிருந்து கடல் நோக்கி இறங்கும் வறண்ட ஆற்றுப் படுகைகளை அரபு மொழியில் 'வாதி' என்பர். எப்போதாவது பெய்யும் மழையில் மட்டுமே இவற்றில் நீர் ஓடும்.

கரையோரம் நெடுகப் பவளப் பாறைகள் இருப்பதால் கப்பல்கள் எளிதில் நெருங்க முடியாது. வாதி கடலில் சேரும் இடங்களில் நன்னீரும் வண்டலும் வருவதால் பவளம் வளர்வதில்லை. அங்கு உண்டாகும் இடைவெளிகளே இயற்கைத் துறைகளாயின. துறையைத் தந்த அதே வண்டல், காலப்போக்கில் துறையைத் தூர்க்கவும் செய்தது.

செங்கடலின் வடபகுதியில் ஆண்டின் பெரும்பகுதி வடகாற்று வீசும். பாய்க்கப்பல்கள் அதை எதிர்த்துச் சூயஸ் வரை செல்வது கடினம். எனவே சரக்கைத் தெற்கிலேயே இறக்கி, ஒட்டகங்களில் ஏற்றி, நைல் கரையிலுள்ள கோப்டோஸ் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவை அடைந்தனர்.

துறைமுகங்கள்

பெரெனிகே கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி மன்னரால் நிறுவப்பட்டு, அவருடைய தாயின் பெயரைப் பெற்றது. போர் யானைகளைத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து கொண்டு வருவது தொடக்க கால நோக்கம். ராஸ் பனாஸ் தீபகற்பம் இத்துறைக்கு வடகாற்றிலிருந்து காப்பளித்தது. ஊரில் குடிநீர் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவில் கோட்டைகள் காத்த கிணறுகளிலிருந்து வந்தது. கோப்டோஸிலிருந்து இங்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றும், வெயிலின் கொடுமையால் இரவில்தான் பயணம் என்றும் பிளினி எழுதினார்.

மியோஸ் ஹோர்மோஸ் பெரெனிகேக்கு வடக்கே உள்ளது. ஆண்டுக்கு 120 கப்பல்கள் இங்கிருந்து இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். இது எங்கே இருந்தது என்பதில் நெடுங்காலம் குழப்பம் நிலவியது. இன்றைய குசைர் நகருக்கு 8 கி.மீ. வடக்கே உள்ள குசைர் அல்-கதீம் வேறொரு துறையாகக் கருதப்பட்டது. பாலைவழியிலிருந்த உரோமக் கோட்டை ஒன்றில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளைக் கொண்டு, 1990களில் அதுவே மியோஸ் ஹோர்மோஸ் என அறிஞர்கள் நிறுவினர்.

தமிழ்ப் பிராமி எழுத்துகள்

குசைர் அல்-கதீமில் அமெரிக்கக் குழுவினர் 1978 முதல் 1982 வரை நடத்திய அகழாய்வில் 'கணன்', 'சாதன்' என்னும் இரு பெயர்கள் கிடைத்தன. பின்னர் அங்கு கிடைத்த சேமிப்புச் சாடி ஒன்றில் ஒரே சொற்றொடர் இருமுறை எழுதப்பட்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என வாசித்து, உறியில் தொங்கவிட்ட பானை எனப் பொருள் கூறினார். பெரெனிகேயில் 1995 இல் 'கொற்றபூமான்' என்னும் பெயர் கிடைத்தது.

பெயர் எழுதிய பானை மட்டும் சரக்குடன் சென்றிருக்கலாமே என்னும் ஐயம் எழும். ஆனால் இவ்விடங்களில் விற்பனைச் சரக்கல்லாத இந்தியச் சமையல் பாத்திரங்களும் கிடைத்துள்ளன. அரிசி கிடைத்துள்ளது, பெரெனிகேயில் தேங்காயும் பாசிப்பயறும் கிடைத்துள்ளன. சரக்குக் கணக்கில் வராத இவை, தங்கள் உணவைத் தாங்களே சமைத்து உண்டவர்கள் அங்கே தங்கியிருந்ததைக் காட்டுகின்றன.

மிளகும் துணியும்

பெரெனிகேயின் செராபிஸ் கோயிலில் புதைக்கப்பட்ட இந்தியச் சாடியில் 7.55 கிலோ மிளகு இருந்தது. பாய்க்குப் பயன்பட்ட பருத்தித் துணித் துண்டுகள் இரு துறைகளிலும் கிடைத்தன. எகிப்தில் நூலை ஒரு பக்கமாக முறுக்குவர். இந்தியாவில் அதற்கு எதிர்ப்பக்கமாக. முறுக்கின் திசையைக் கொண்டே அறிஞர்கள் இந்தியத் துணியைப் பிரித்தறிந்தனர்.

இப்பயணத்தின் மறுமுனைகளில் ஒன்று பாலாற்று முகத்துவாரம். காஞ்சிபுரத்தின் தெற்கே ஓரிக்கையை ஒட்டிச் செல்லும் பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970 இல் அங்கு நடத்திய அகழாய்வில் உரோம ஆம்போரா சாடித் துண்டுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. ஆனால் மழை பெய்யும் மண்ணில் ஓடும் மணியும்தான் மிஞ்சும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான துணி மிஞ்சுவது அரிது. நெசவுக்குப் பெயர் பெற்ற தமிழகத்தின் பழந்துணி வரலாற்றுக்கு இதனால் எகிப்தின் வறண்ட மணலையே நாட வேண்டியுள்ளது.

வீழ்ச்சி

மியோஸ் ஹோர்மோஸ் துறை வண்டலால் தூர்ந்தது, கி.பி. 3 ஆம் நூற்றாண்டில் ஊர் கைவிடப்பட்டது. இடைக்காலத்தில் முஸ்லிம் வணிகர்களால் மீண்டும் உயிர்பெற்றது. பெரெனிகே கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. இத்தாலியப் பயணி பெல்சோனி 1818 இல் அதன் இடிபாடுகளைக் கண்டறிந்தார்.

முக்கியத்துவம்

கணன், சாதன், கொற்றபூமான் ஆகியோர் மன்னர்களாகவோ புலவர்களாகவோ வரலாற்றில் இடம்பெற்றவர்கள் அல்லர். கல்வெட்டு வைப்பிக்கும் வசதி அவர்களுக்கு இருந்ததா என்பதும் தெரியாது. தம் பானை பிறர் பானையோடு கலந்துவிடாதிருக்கப் பெயர் எழுதினர். நீரற்ற கரை ஊரை வாழவிடவில்லை. அந்த வறட்சியே அவர்கள் கால மிளகையும் துணியையும் கெடாமல் காத்தது. சங்க காலத்தில் எழுத்தறிவு அரண்மனையோடு நின்றுவிடவில்லை, கப்பலேறிய எளிய மக்களிடமும் இருந்தது என்பதற்கு அவர்களுடைய ஓடுகள் சான்றாகின்றன.