டிரேட்டன் ஹால்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரை அடுத்த ஆஷ்லி ஆற்றங்கரையில் உள்ள செங்கல் மாளிகை. தோட்ட உரிமையாளர் குடும்பத்தின் இல்லமாக இருந்து அருங்காட்சியகமானது.

இதைக் கட்டியவர் ஜான் டிரேட்டன். பக்கத்திலிருந்த மக்னோலியா தோட்டத்தில் பிறந்தவர். மூன்றாம் மகனாதலால் தந்தையின் இல்லம் தமக்கு வராதென்று கண்டு, 1738இல் இந்நிலத்தை வாங்கினார். வீடும் அவ்வாண்டிலேயே தொடங்கி 1742இல் முடிந்ததென நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. ஆனால் கூரையடி உத்திரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, மரங்கள் 1747–48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை எனத் தெரிந்தது. கட்டுமானம் 1750களின் தொடக்கத்தில் நிறைவுற்றிருக்கலாம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணியைத் தழுவியது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தூண் மண்டபங்கள் முகப்பின் சிறப்பு. வரைபடம் யாருடையது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஜான் டிரேட்டனே வகுத்திருக்கலாம் என்போரும் உளர். 1765இல் பியேர் எழேன் து சிமித்தியேர் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில், பின்னர் அழிந்துபோன பக்கக் கட்டடங்களையும் காணலாம்.

நெல்லும் அவுரியும் விளைந்த பல தோட்டங்களுக்கு இவ்வீடே தலைமையகம். அச்செல்வம் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு. ஜானின் மகன், மருத்துவர் சார்ல்ஸ், 1784 முதல் 1820 வரை நாட்குறிப்பு எழுதினார். அடிமைகள் தாமே எழுதிவைத்த நாட்குறிப்பு எதுவும் இங்கில்லை. அவர்கள் துயிலும் இடுகாடு குறைந்தது 1790 முதல் உள்ளது. அவர்களின் வழித்தோன்றலான ரிச்மண்ட் போவன்ஸ் (1908–1998) தம் குடும்பக் கதைகளை வருவோருக்குச் சொல்லிவந்தார். அவரும் அங்கேயே அடக்கமாகியுள்ளார்.

உள்நாட்டுப் போரில் ஆஷ்லிக்கரை மாளிகைகள் பல எரிந்தும் இது தப்பியது. பெரியம்மை மருத்துவமனை என்று கொடி கட்டி ஏமாற்றியதாக ஒரு கதை. வடக்குப் படையிலிருந்த உறவினரின் செல்வாக்கு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உறுதியான சான்றில்லை. போருக்குப் பின் பாஸ்பேட் சுரங்கம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. 1886 நிலநடுக்கமும் 1893 சூறாவளியும் பக்கக் கட்டடங்களைக் கொண்டுபோயின.

மின்சாரமோ குழாய்நீரோ இவ்வீட்டுக்குள் வந்ததே இல்லை. கதவுச் சட்டம் ஒன்றில் டிரேட்டன் குழந்தைகளின் உயரத்தைக் குறித்துவந்த கோடுகள், யாரும் வண்ணம் பூசி மறைக்காததால், இன்றும் தெளிவாக உள்ளன. ஏழு தலைமுறைக்குப் பின் 1974இல் வீடு தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் சென்றது. பழைய பொலிவுக்குத் திருப்பாமல், பெற்றபடியே காப்பதென்று முடிவாயிற்று. அறைகளில் தளவாடம் கிடையாது. 1977இல் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர்.

2018இல் பார்வையாளர் மையம் ஒன்று திறக்கப்பட்டது.